டிரம்மருக்கு விசா வந்தாச்சு: ஆள் மாறும்போது ராக் கவர் பேண்டை நடத்துவது எப்படி?

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில், மற்றவர் பாட்டுகளை வாசிக்கும் ஒரு ராக் கவர் பேண்ட் அதே ஐந்து பேரோடு மூன்று வருஷம் ஓடினால் ஆச்சரியம்தான். டிரம்மர் வளைகுடாவுக்கு விமானம் ஏறுவார். பேஸ் வாசிப்பவருக்குத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நைட் ஷிப்ட் விழும். பாடகருக்குக் கல்யாணம் ஆகும். கீபோர்டுக்காரரோ டிசம்பர் பிறந்தால் சர்ச் குவயருக்குச் சொந்தம். இதையெல்லாம் தடுக்க முடியாது. ஒருவர் போகும்போது அவரோடு பத்துப் பாட்டும் சேர்ந்து போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

1968இல் தொடங்கிய டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஆள்மாற்றங்களை ரசிகர்கள் மார்க் 1, மார்க் 2 என்று எண் போட்டே பேசுவார்கள். 1969இல் பாடகரும் பேஸ் வாசிப்பவரும் மாறியபோது வந்தது மார்க் 2. ஊர் பேண்டுக்கும் இது நல்ல பழக்கம். கூகுள் டிரைவில் ஒவ்வொரு அணிக்கும் 'மார்க் 3, ஜூன்' என்பதுபோல ஒரு ஃபோல்டர் வையுங்கள். பாடகர் மாறினால் பாட்டின் கீ (சுருதி) மாறும், கீ மாறினால் கிட்டார் டியூனிங் மாறும். பழைய ஷீட்டும் புது ஷீட்டும் ஒரே இடத்தில் கிடந்தால், மேடையில் பாதிப் பேர் ஒரு கீயிலும் மீதிப் பேர் வேறு கீயிலும் தொடங்குவார்கள்.

முதல் வாரம்: போகிறவரிடம் வாங்க வேண்டியவை

"மக்கா, எனக்கு விசா வந்தாச்சு" என்று ஒருவர் சொன்னால் வாழ்த்திவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். கிளம்பும் தேதி எது? அதற்குள் எத்தனை புரோகிராம் வாசிக்க முடியும்? பதிவு செய்ய ஒரு நாள் ஒதுக்குவாரா? சொல்லும் தேதியிலிருந்து இரண்டு வாரத்தைக் கழித்துத் திட்டம் போடுங்கள். மெடிக்கல், டிக்கெட், சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று கடைசி இரண்டு வாரமும் அவர் கைக்குச் சிக்க மாட்டார்.

அந்த ஒரு நாளில் எடுக்க வேண்டியது இது. டிரம்மர் என்றால் போனை அவருடைய வலது தோளுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில், ஸ்டாண்டில் பொருத்துங்கள். ஹைஹாட், ஸ்னேர், கிக் பெடல் மிதிக்கும் கால், மூன்றும் தெரிய வேண்டும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமோடு ஒவ்வொரு பாட்டும் ஒரு டேக் போதும். கிட்டார்காரரின் பெடல் நாப்களையும் ஆம்ப் நாப்களையும் பாட்டுவாரியாகப் படம் எடுங்கள். கீபோர்டில் சேமித்து வைத்த சவுண்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சவுண்டின் பெயரும் திரையில் தெரியும்படி ஒரு போட்டோவும் வேண்டும். ஏனென்றால் புதிதாக வருபவர் வேறு மாடல் கொண்டுவந்தால் அந்தப் பென் டிரைவ் ஃபைல் பெரும்பாலும் திறக்காது.

பிறகு பாட்டுப் பட்டியல். பாட்டுக்கு ஒரு வரி எழுதி, அதில் கீ, வேகம் (பி.பி.எம்.), யார் தொடங்குகிறார், எப்படி முடிகிறது, பின்குரல் யார், சோலோ எத்தனை பார் (தாளச் சுற்று), கீபோர்டின் டிரான்ஸ்போஸ் எண் (கீயை எத்தனை அரைச்சுரம் ஏற்றி இறக்கியது) ஆகியவற்றைக் குறியுங்கள். இதில் அதிகம் தவறவிடுவது வேகம். ஐந்து பேரும் தங்களுக்குத் தெரியும் என்று நினைப்பார்கள். உண்மையில் அது டிரம்மரின் கையில் மட்டும்தான் இருக்கும். அவர் போன அடுத்த வாரம் எல்லாப் பாட்டும் ஏதோ ஒரு சுமாரான 120இல் வந்து நிற்கும். பாடகருக்கு மூச்சு முட்டும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

பட்டியல் தயாரானதும் மூன்று நிறப் பேனா எடுங்கள். பச்சை: அவர் இல்லாமல் நாளைக்கே வாசிக்கலாம். மஞ்சள்: ஒருவரின் வேலையை மாற்றிக் கொடுத்தால் ஓடும். சிவப்பு: அவரை நம்பி எடுத்த பாட்டு, இப்போதைக்கு விட வேண்டியதுதான். முப்பது பாட்டில் பன்னிரண்டு பச்சை இருந்தால் ஒப்புக்கொண்ட 45 நிமிட புரோகிராமை ரத்து செய்ய வேண்டாம். பச்சை எட்டுக்குக் கீழே இருந்தால் அன்றே அமைப்பாளருக்குப் போன் போடுங்கள். இந்தப் பகுதியில் பேர் கெடுவது மோசமாக வாசித்ததால் அல்ல, கடைசி நேரத்தில் கைவிரித்ததால்.

உடனே ஆள் எடுக்கத்தான் வேண்டுமா?

எப்போதும் வேண்டாம். இரண்டாவது கிட்டார் போனால் பெரும்பாலான பேண்டுகளுக்கு நன்மைதான். கீபோர்டுக்கு இடம் கிடைக்கும், மேடைச் சத்தமும் குறையும். கீபோர்டு போனால் பின்னணியைப் பதிவு செய்த டிராக்கில் ஓட்டலாம். பேஸ் போனால் கீபோர்டை இரண்டு சவுண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட் போட்டு இடது கையில் பேஸ் வாசித்து இரண்டு மாதம் சமாளிக்கலாம். ஆனால் இடது கை கிக் டிரமோடு ஒட்டி விழ வேண்டும். சர்ச்சில் பழகிய கை, பல சுரம் சேர்ந்த கார்டை முழுசாகப் பிடித்துத் தொங்கும். அதை ஒற்றைச் சுரமாக, சின்னச் சின்னதாக வெட்டி வாசிக்கப் பழக்குங்கள். டிரம்மரோ பாடகரோ போனால் மாற்று ஆள்தான் வழி.

டிராக் ஓட்டுவதில் ஒரு எச்சரிக்கை. வழக்கமான முறை, ஒரே ஃபைலில் இடது பக்கம் இசை, வலது பக்கம் கிளிக், அதாவது டிரம்மர் மட்டும் கேட்க வேண்டிய மெட்ரோனோம் தட்டு. ஹெட்போன் துளையிலிருந்து ஒய் கேபிளில் இரண்டு மோனோ ஜாக் வரும். இடது ஜாக், மிக்ஸருக்கு ஏற்றபடி சிக்னலை மாற்றும் டிஐ பாக்ஸ் வழியாக மிக்ஸருக்கும், வலது ஜாக் டிரம்மரின் ஹெட்போன் ஆம்புக்கும் போக வேண்டும். போன் செட்டிங்கில் 'மோனோ ஆடியோ' ஆனில் இருந்தால் இரண்டும் கலந்து, கிளிக் சத்தம் 'டிக் டிக்' என்று மைதானம் முழுக்கக் கேட்கும். ஏரோபிளேன் மோட் போட்டீர்களா, மோனோ ஆடியோ ஆஃபா, ஜாக் எது இடது? சவுண்ட் செக்கில் இந்த மூன்றையும் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இடது ஜாக்கில் சிவப்பு டேப் ஒட்டுங்கள்.

ஆள் கிடைக்கும் இடம்

குமரி மாவட்டத்தில் வாத்தியக்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை. சர்ச் குவயர், கானமேளா (சினிமாப் பாட்டுக் கச்சேரி) குழுக்கள், கல்லூரி பேண்டுகள், இசைக்கருவிக் கடைகள், டிரினிட்டி கிரேடு இசைத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் என்று நான்கைந்து ஊற்று உண்டு. எல்லையைத் தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. கிரேடு சர்டிபிகேட் காட்டுபவர் கொடுத்த பாடத்தைத் தயார் செய்துவிடுவார், அந்த அளவில் நம்பலாம். மேடையில் பாடகர் ஒரு வரியை மறந்து தாண்டிப் போனால் கூடவே தாண்டுவாரா என்பது அதில் தெரியாது. அந்த விஷயத்தில் கானமேளாக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் ஒவ்வோர் இடத்திலிருந்து வருபவரிடமும் அந்த இடத்துப் பழக்கம் கூடவே வரும். கானமேளாவில் ரிதம் பேட் (குச்சியால் தட்டும் மின் டிரம்) அடித்தவர் டிரம் கிட்டில் உட்கார்ந்தால் கை மின்னும், வலது கால் தள்ளாடும். பேடில் கிக்கையும் பல நேரம் குச்சியால் தட்டிப் பழகியிருப்பார். அவருக்கு முதல் மாதம் பாட்டே வேண்டாம். மெட்ரோனோமை 80இல் வைத்து, தினமும் பத்து நிமிடம், காலால் மட்டும் பாருக்கு எட்டு அடி. வாரத்துக்கு 5 ஏற்றி 110 வரை கொண்டுபோங்கள். குதிகால் தூக்கி அடிக்கிறாரா என்று பாருங்கள். தரையில் பதித்தே அடித்தால் பெரிய மைதானத்தில் கிக் கேட்காது.

சர்ச் டிரம்மர் எதிர்மாறு. நேரம் உறுதியாக இருக்கும், ஆனால் கட்டடத்துக்குள் சத்தம் அடக்கியே பழகியதால் ஸ்னேரின் நடுவில் அடிக்கக் கூச்சப்படுவார். கீபோர்டுக்காரர்களில் பலருக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் மூன்றாவது கை மாதிரி. அதில் தப்பில்லை, முந்தின பாட்டின் எண்ணை மறந்து அப்படியே விடும்வரை.

ஆடிஷன்: 45 நிமிடம், நான்கு பாட்டு

மூன்று பாட்டை பத்து நாள் முன்பே அனுப்புங்கள். ஒன்று சுலபமானது. ஒன்று மெதுவானது, 70 பி.பி.எம். பக்கம். மூன்றாவது, எல்லாரும் சேர்ந்து நிறுத்தி நிறுத்தி வாசிக்கும் இடங்கள் உள்ளது. நான்காவதை அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். கொடுத்த மூன்றில் ஒன்றை வேறு கீயில் கேட்டாலும் போதும்.

வேகப் பாட்டு யாரையும் காட்டிக்கொடுக்காது, மெதுவான பாட்டுதான் காட்டிக்கொடுக்கும். டிரம்மருக்குத் தனியாக ஒரு சோதனை: மெட்ரோனோமோடு 70இல் இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லி, எட்டு பாருக்கு ஒலியை அடைத்துவிட்டுத் திரும்பத் திறங்கள். திறக்கும்போது ஒட்டி நின்றால் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் விலகியிருந்து, அதைத் தானே கவனித்துச் சரிசெய்தால் இன்னும் நல்லது.

வாசிப்பைத் தவிரக் கவனிக்க வேண்டியவை: பாட்டுக்கு நடுவில் சத்தம் அடக்கி டியூன் செய்கிறாரா? மற்றவர் பேசும்போது கிட்டாரை நோண்டிக்கொண்டே இருக்கிறாரா? சனிக்கிழமை ரிகர்சலுக்கு எப்படி வருவார்? இந்தக் கடைசிக் கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவர் என்றால் ரிகர்சல் இடத்தைக் குழித்துறை ஸ்டேஷன் பக்கம் வைப்பது எல்லாருக்கும் பாதிவழி. ராத்திரி திரும்ப வண்டி இல்லாத ஊரில் வைத்தால் மூன்றாவது மாதம் அவரும் கிளம்பிவிடுவார்.

பாடகர் மாறினால்: கட்டைக் கணக்கு

எல்லாவற்றிலும் பெரிய வேலை இதுதான். புதுப் பாடகரைப் பழைய கீயிலேயே பாடவைத்து 'பழகிடும்' என்று விடும் பேண்டுகள் ஏராளம். பழகாது, தொண்டை கட்டும்.

முறை இது. பாட்டில் நீட்டிப் பிடிக்க வேண்டிய உச்சச் சுரத்தைக் கண்டுபிடியுங்கள். நொடியில் தொட்டுப்போகும் சுரம் கணக்கில்லை. பிறகு பாடகர் கத்தாமல் நான்கு விநாடி பிடிக்கக்கூடிய உச்சத்தைக் கீபோர்டில் பாருங்கள். இரண்டுக்கும் எத்தனை அரைச்சுர வித்தியாசமோ அத்தனை இறக்குங்கள். கீபோர்டில் கருப்பையும் சேர்த்து எண்ணினால், ஒன்றிலிருந்து அடுத்தது ஓர் அரைச்சுரம்.

உதாரணமாக, பாட்டு ஈயில், அதாவது நம்மூர் சுருதிக் கணக்கில் மூன்று கட்டையில் இருக்கிறது. உச்சம் பி, ஏழு கட்டைச் சுரம். பாடகருக்கு வசதியான உச்சம் ஜி ஷார்ப், ஐந்தரைக் கட்டை. வித்தியாசம் மூன்று அரைச்சுரம். ஆக, பாட்டு சி ஷார்ப்புக்கு, ஒன்றரைக் கட்டைக்கு வர வேண்டும். கட்டையில் சொன்னால் சர்ச் ஆர்கனிஸ்டுக்கும் கானமேளாக்காரருக்கும் உடனே புரியும். கிட்டார்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். ஷீட்டில் இரண்டையும் எழுதிவிடுவது உத்தமம்.

கிட்டார்காரர்கள் சி ஷார்ப் என்றதும் முகம் சுளிப்பார்கள். வழி இருக்கிறது. செட் முழுவதற்கும் கிட்டார்களையும் பேஸையும் அரைச்சுரம் இறக்கி டியூன் செய்யுங்கள், பல ராக் குழுக்கள் செய்வதுதான். இப்போது டி ஷேப் (டி கார்டுக்கான விரல் அமைப்பு) பிடித்தால் சி ஷார்ப் ஒலிக்கும். ஈயில் திறந்த தடித்த கம்பியை நம்பி எழுதிய ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) என்றால் டி ஷேப்பில் கனம் போய்விடும். அப்போது ஆறாவது கம்பியை மட்டும் இன்னும் இரண்டு அரைச்சுரம் இறக்குங்கள். திறந்த கம்பியே சி ஷார்ப் ஆகிவிடும். 10–46 கம்பி செட் அரைச்சுரம் இறக்கினால் தாங்கும், ஆனால் ஆறாவது கம்பி மூன்று அரைச்சுரம் இறங்கினால் தொளதொளக்கும், 52 தடிமன் போடுங்கள். நான்கு கம்பி பேஸிலும் இதே தொளதொளப்பு வரும். ஐந்து கம்பி பேஸ் இருந்தால் பி கம்பியில் கிடைத்துவிடும். பிளாய்ட் ரோஸ் மாதிரி மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் மட்டும் பாட்டுக்கு நடுவே டியூனிங் மாற்ற நினைக்காதீர்கள். ஒரு கம்பியை இறக்கினால் ஸ்பிரிங் சமநிலை கெட்டு மற்ற ஐந்தும் ஏறும். அதற்குத் தனிக் கிட்டார் வைத்துக்கொள்வதே வழி.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் −3 என்று ஷீட்டில் பெரிதாக எழுதி, அடுத்த வரியிலேயே '0க்குத் திரும்பு' என்றும் எழுதுங்கள். டிரான்ஸ்போஸ் வேண்டிய பாட்டுகளை வரிசையாக அடுத்தடுத்து வைத்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

ஆண் பாடகருக்குப் பதில் பெண் பாடகர் வந்தால் எல்லாவற்றையும் நான்கு கட்டை ஏற்றுவார்கள் சிலர். அவசரப்படாதீர்கள். உச்சத்தில் கத்திப் பாடும் ராக் பாட்டுகள் பலவற்றைப் பெண் குரல் மூலக் கீயிலேயே பாடிவிடும். கீழ் சுருதியில் முணுமுணுக்கும் பாட்டுகளைத்தான் நான்கைந்து அரைச்சுரம் ஏற்ற வேண்டிவரும். அங்கே கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதி ஏற்றும் கேப்போ உதவும்.

கீ முடிவானதும், வேறு ஒன்பது பாட்டைத் தொடர்ந்து பாடியபின் அதே பாட்டைப் பத்தாவதாக, டிரம்ஸோடு பாடச் சொல்லிப் பாருங்கள். களைத்த தொண்டைக்கு வசதியான கீதான் நிஜமான கீ. தேவைப்பட்டால் இன்னும் ஓர் அரைச்சுரம் இறக்குங்கள், கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

'கோரஸ்' என்றால் என்ன?

சிரிக்க வேண்டாம், இதனால் மேடையில் பாட்டு குலைந்திருக்கிறது. சர்ச்சிலிருந்தும் கானமேளாவிலிருந்தும் வருபவருக்குக் 'கோரஸ்' என்றால் பின்குரல் பாடுபவர்கள். ராக்காரருக்கு அது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதி. கிட்டார்காரருக்கோ அது ஒரு பெடல். "இங்க கோரஸ் போடு" என்றால் மூன்று பேர் மூன்று வேலை செய்வார்கள். முதல் ரிகர்சலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பகுதியைப் பல்லவி என்றோ ஹுக் என்றோ சொல்லலாம், பின்குரலைப் பேக்கிங் எனலாம். மலையாளத்திலும் பல்லவி பல்லவிதான் என்பதால் எல்லை தாண்டி வந்தவருக்கும் குழப்பமில்லை.

கைச்சாடையும் அன்றே. மூடிய முஷ்டி: இதோடு முடிவு. தலையைத் தட்டினால்: முதலிலிருந்து. ஒரு விரலைச் சுழற்றினால்: இதே பகுதி இன்னொரு முறை. சாடை காட்டுவது ஒருவர் மட்டுமே. பாடகராக இருந்தால் நல்லது.

நான்கு ரிகர்சல்

முதலாவதில் பச்சைப் பாட்டு ஐந்து மட்டும், அதுவும் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் திரும்பத் திரும்ப. புது ஆள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான். இரண்டாவதில் அவற்றை முழுசாக வாசித்து, மேலும் நான்கு சேருங்கள். மூன்றாவதில் மஞ்சள் பாட்டு மூன்று. நான்காவதில் நிறுத்தாமல் செட் முழுவதும், நின்றுகொண்டு. தப்பு வந்தாலும் நிறுத்தக் கூடாது. போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் ஆம்பின் முன்னால் வைக்காமல் பத்தடி தள்ளி வையுங்கள். 'பழைய ஆள் இப்படித்தான் வாசிப்பார்' என்ற வாக்கியத்தை அந்த நான்கு நாளும் யாரும் எடுக்கக் கூடாது.

பணம், பொருள், பெயர்

இங்கேதான் நட்பு முறியும். சேர்ந்து 18,000 ரூபாய்க்கு வாங்கிய மிக்ஸர் மூன்று வருஷத்தில் பாதி விலைக்குப் போகும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டால், ஐந்தில் ஒரு பங்கு 1,800. போகிறவருக்கு அதைக் கொடுத்து வாட்ஸ்அப்பில் 'பெற்றுக்கொண்டேன்' வாங்கிவிடுங்கள். இனி வாங்கும் பொருளை ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வாங்குவது நல்லது. மிக்ஸர் ஒருவருடையது, ஸ்பீக்கர் இன்னொருவருடையது. போகும்போது அவரவர் பொருளோடு போகலாம்.

வரும்படியில், வண்டி, சாப்பாடு போக 18,000 மிஞ்சினால் ஐந்து பேருக்கு ஆறு பங்காகப் பிரித்து, ஆறாவது 3,000 பேண்ட் நிதிக்கு. அதிலிருந்து கம்பி, கேபிள், ரிகர்சல் வாடகை. ஒரு நாளைக்கு மட்டும் வரும் மாற்று வாத்தியக்காரருக்குப் பங்கு பேசாமல் முன்கூட்டியே ஒரு தொகை பேசுங்கள். நிகழ்ச்சி நஷ்டமானாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். பேண்ட் பெயர் யாருடையது, இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு யாரிடம் என்பதையும் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் காலத்திலேயே எழுதி வையுங்கள்.

புது அணியின் முதல் மேடை

கோவளம், வர்க்கலை கஃபேக்களின் சீசனிலோ கல்லூரி விழாவிலோ 45 நிமிடத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு பாட்டும் பச்சை. புது ஆள் பளிச்சென்று தெரியும் பாட்டு நான்காவதாக வரட்டும். அதைக் கடைசிக்கு வைத்தால், இரவு 10 மணி ஒலிபெருக்கிக் கட்டுப்பாட்டில் அமைப்பாளர் மைக்கை அணைக்கும்போது அது வாசிக்காமலே போகும். தமிழ்நாட்டு வாடகை வண்டியில் எல்லையைத் தாண்டுவதென்றால் டிரைவரிடம் கேரள பர்மிட் இருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். சவுண்ட் செக்குக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் புது ஆளுக்குத்தான் அடி.

அடுத்த மாற்றத்துக்கான வேலையும் அன்று இரவே தொடங்குகிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவான டிசம்பர் 3 தொடங்கிப் புத்தாண்டு வரை சர்ச் வாத்தியக்காரர் யாரையும் நம்ப முடியாது. ஓணம் முடிந்ததும் செப்டம்பரிலேயே ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாற்று ஆளைப் பேசி, பன்னிரண்டு பச்சைப் பாட்டின் ஷீட்டையும் வீடியோவையும் அனுப்பிவிடுங்கள். நவம்பரில் அவரோடு ஒரே ஒரு ரிகர்சல், இரண்டு மணி நேரம், போக்குவரத்துச் செலவு பேண்ட் நிதியிலிருந்து.